பிக்கோ போட்டால் ஒன்றுமே வரவில்லையே!

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்கிறேன். "இனிப்புநீர் நோயாளிகளுக்கு வாட்ஸ்அப் நினைவூட்டல் பயன் தருமா" என்பது தலைப்பு. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் தேடினால் கட்டுரைகள் மலையாகக் குவிகின்றன. கேள்வியை நான்கு கட்டமாகப் பிரிக்கும் பிக்கோ (PICO) முறையைப் போடச் சொன்னார் விரிவுரையாளர். நான்கு கட்டத்திலும் எழுதியதை அப்படியே தேடினால் ஒன்றுகூட வரவில்லை. என்ன செய்வது?

பதில்: நான்கையும் ஒன்றாகத் தேடல் பெட்டியில் கொட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். 1995 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்த முறை முதலில் கேள்வியைக் கூர்தீட்டத்தான்: யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எதில் மாற்றம் எதிர்பார்க்கிறோம்.

உங்கள் கேள்வியில் இடிப்பது "பயன்" என்ற சொல். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதா, சொன்ன தேதிக்கு கிளினிக் வருவதா, எச்பிஏ1சி (HbA1c) என்ற இரத்தப் பரிசோதனை அளவு இறங்குவதா? மூன்றும் மூன்று ஆய்வு. எச்பிஏ1சிதான் என்றால் அது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, ஆகவே நான்கு வாரம் மட்டும் பார்த்துவிட்டு முடித்த ஆய்வு உங்களுக்கு உதவாது. கால அளவையும் சேர்த்து பிக்கோட் (PICOT) என்று போடச் சொல்வது இதனால்தான்.

சரி, தேடலுக்கு வருவோம். முதல் இரண்டு கட்டம் மட்டும் போதும். ஒப்பீடும் விளைவும் பல கட்டுரைகளின் சுருக்கத்தில் எழுதப்பட்டே இருக்காது, அவற்றையும் கட்டாயமாக்கினால் நல்ல ஆய்வெல்லாம் கைநழுவிப் போகும். கிடைத்ததைப் படித்து, எதை வைத்துக்கொள்வது எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கும்போது அந்த இரண்டு கட்டமும் கைகொடுக்கும். அப்புறம், "வாட்ஸ்அப்" என்று மட்டும் போடாதீர்கள். எஸ்எம்எஸ், டெக்ஸ்ட் மெசேஜ், மொபைல் ஹெல்த், ரிமைண்டர் என்று பொருள் நெருங்கிய சொற்களையெல்லாம் "ஆர்" (OR) போட்டு ஓர் அடைப்புக்குள் கட்டுங்கள், நோய்க்கும் அப்படியே, இரண்டு கட்டுக்கும் நடுவில் "ஆண்ட்" (AND). பப்மெட்டில் இந்த இரண்டையும் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். கட்டுரைகளுக்கு ஒட்டப்படும் மெஷ் (MeSH) எனப்படும் பொருள் தலைப்புகளையும் சேருங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பினால், புதிதாக வந்து இன்னும் தலைப்பு ஒட்டப்படாத கட்டுரைகள் தப்பிவிடும்.

கேள்வி: செந்தூலில் இருந்து எழுதுகிறேன். காலில் புண் வந்தும் இனிப்புநீர் நோயாளிகள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று பேட்டி எடுக்கப் போகிறேன். பிக்கோவின் ஒப்பீட்டுக் கட்டத்தில் என்ன எழுதலாம்?

பதில்: ஒன்றும் எழுதாதீர்கள். இல்லாத ஒப்பீட்டை இட்டுக்கட்டி, கட்டம் நிரம்ப வேண்டுமே என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். மனிதர்களின் அனுபவத்தைக் கேட்கும் ஆய்வுகளுக்கென்றே 2012-ல் ஸ்பைடர் (SPIDER) என்ற கட்ட அமைப்பு வந்தது. அதில் யாரிடம், எதைப் பற்றி, எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். ஒரு எச்சரிக்கை: பிக்கோவையும் ஸ்பைடரையும் ஒப்பிட்ட 2014 ஆய்வொன்றில் ஸ்பைடர் தேவையற்றதை நன்றாகக் கழித்தது, கூடவே வேண்டிய சிலவற்றையும் விட்டுவிட்டது. அதனால் ஸ்பைடரில் தேடி முடித்ததும், "இனிப்புநீர்", "கால் புண்" இரண்டுக்கும் உரிய சொற்களை வைத்து இன்னொரு அகலமான தேடலும் போட்டு, இரண்டு பட்டியலையும் எடுத்துக்கொண்டு உங்கள் கல்லூரி நூலகரைப் போய்ப் பாருங்கள்.