பாட்டுக்காரனுக்கு எதற்குச் சங்கம்?

கேள்வி: மேல்நாட்டுத் தனிப்பாடகர்கள் சிலர் வரப்போகும் கச்சேரித் தேதிகளை அறிவிக்கும்போதே, வேலைநிறுத்தத்தில் இருப்பவர்களுக்கு ஆதரவு கேட்டும் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பில்லி பிராக் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். டிக்கெட் விற்பதற்குத் தொழிலாளியைத் தொட்டுக்கொள்வதுதானே இது? பாட்டுக்காரனுக்கு எதற்குச் சங்கம்?
(வாசகர், ஈரோடு)

பதில்: தொழிலாளியை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளும் பாடகர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உதாரணத்துக்கு நீங்கள் பிடித்த ஆள் சரியில்லை. கணக்கைப் பார்த்துவிடுவோமா?

1983-ல் பிராக்கின் முதல் இசைத்தட்டு வந்தது. ஏழே பாட்டு, மொத்தம் 16 நிமிடம். ‘2.99 பவுண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்’ என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். காசே குறியாக இருப்பவன் செய்யும் காரியமா இது? விளம்பரம் என்றால், அதற்கு அவர் செய்த வேறொன்றைச் சொல்கிறேன். பிபிசி வானொலியில் பாட்டு நிகழ்ச்சி நடத்திவந்த ஜான் பீல் ஒருநாள் இரவு, காளான் பிரியாணி கிடைத்தால் எதுவும் செய்வேன் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவைத்தார். கேட்டுக்கொண்டிருந்த பிராக், பிரியாணியும் இசைத்தட்டுமாக நிலைய வாசலில் போய் நின்றுவிட்டார். பீலும் தட்டை ஒலிபரப்பினார், தப்பான வேகத்தில். இதை விளம்பரம் என்று எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டிருப்பேன்.

வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக அவர் பாடியது அப்படியில்லை. 1984 மார்ச்சில் பிரிட்டனில் 20 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 20,000 பேருக்கு வேலை போகும். தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள்; ஏறக்குறைய ஒரு வருடம் சம்பளமில்லை. சுரங்க ஊர்களில் பெண்கள் பொதுச் சமையல்கூடம் நடத்தித்தான் குடும்பங்களுக்குச் சோறு போட்டார்கள். பிராக் ஒற்றை மின்கிதாரைத் தூக்கிக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போய், நிதிக்காகப் பாடினார். அங்கே வயதான உள்ளூர்ப் பாடகர்கள் வாத்தியமே இல்லாமல் பாடியதைக் கேட்டபோது, தன்னுடையதைவிட அவர்கள் பாட்டில் காரம் அதிகம் என்று புரிந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். மறுவருடம் வந்த சிறு இசைத்தட்டுக்கு விலை 1.25 பவுண்டு, அதில் வந்த பணம் சுரங்கத் தொழிலாளர் நிதிக்கு.

சரி, பாட்டு ஜெயித்ததா? இல்லை. 1985 மார்ச் 3-ல் சங்கம் போராட்டத்தை முடித்துக்கொண்டது. கோரிக்கை எதுவும் கைகூடவில்லை. அதே வருடக் கடைசியில் பிராக்கும் வேறு சில பாடகர்களும் சேர்ந்து, எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சிக்கு இளைஞர்களின் ஓட்டைத் திரட்ட ஓர் அணி அமைத்து ஊர் ஊராகப் போனார்கள். 1987 தேர்தலில் பிரதமர் தாட்சரே மறுபடியும் ஜெயித்தார். நிதி திரட்டவும், தளர்ந்தவனை இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க வைக்கவும் பாட்டால் முடியும். மூடிய சுரங்கத்தைத் திறக்க அதனால் முடியாது. நான் பிராக்கின் ரசிகன்தான், அதற்காக இதை மறைக்க முடியுமா?

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. அதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். பாட்டுக்காரன் தொழிலாளி இல்லை என்று உங்களிடம் யார் சொன்னது? பிரிட்டனில் இசைக்கலைஞர்களின் சங்கம் 1893-ல் மான்செஸ்டரில் தொடங்கியது. இன்றைக்கு அதன் தேவை கூடித்தான் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற இணைய இசைத் தளத்தில் ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் பெரும்பாலும் அரை அமெரிக்க சென்ட்கூடத் தேறுவதில்லை. அந்தத் தளத்தில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அந்தத் தொகையும் கிடையாது. ஆகவே தனியாகப் பாடிப் பிழைப்பவனுக்குக் கச்சேரிதான் தினக்கூலி. அங்கே வாசலில் அவன் விற்கும் டி-ஷர்ட்டிலும் 25 சதவீதம் வரை கமிஷன் பிடிக்கிற அரங்குகள் உண்டு. கமிஷன் வாங்காத அரங்குகளின் பட்டியலை 2022-ல் கலைஞர்களின் கூட்டமைப்பு ஒன்று வெளியிட ஆரம்பித்தது. 2009-ல் அந்தக் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் பிராக்கும் ஒருவர்.

2006-ல் இன்னொன்று நடந்தது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் நிபந்தனைகளைப் பிராக் படித்துப் பார்த்தார் (யாரும் படிப்பதில்லை, நானும்தான்). ஏற்றிய பாட்டின்மேல் தளத்துக்கே உரிமை போய்விடும் போலிருந்தது. தன் பாட்டுகளை எடுத்துவிட்டு வெளிப்படையாகக் கேட்டார். அடுத்த மாதமே நிபந்தனையை மாற்றி எழுதினார்கள். பலன் அங்கே பாட்டேற்றிய எல்லோருக்கும்தான் போனது.

இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் டோல்படில் என்றொரு சிற்றூர். அங்கே வாரக்கூலியை 7 ஷில்லிங்கிலிருந்து 6 ஆக்கப் பார்த்தபோது, பண்ணையாட்கள் ஆறு பேர் சங்கம் சேர்த்தார்கள். அப்போது சங்கம் வைப்பது குற்றமில்லை. அதனால் ரகசியச் சத்தியம் செய்துகொண்டதைப் பிடித்துக்கொண்டு, 1834-ல் ஏழு வருடம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஊரே திரண்டு கத்தியதில் 1836-ல் மன்னிப்பு வந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் தொழிற்சங்கங்கள் அங்கே விழா எடுக்கின்றன. பிராக் பல வருடங்கள் அதில் பாடியிருக்கிறார். அந்த விழாத் தேதியை ஒருவர் எப்படி அறிவிப்பது, தொழிலாளியைப் பற்றி வாய் திறக்காமல்?

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் வந்த உறையின் பின்பக்கம் உங்கள் ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி அச்சாகியிருந்தது. நாங்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.