குய்லினில் எத்தனை நாள், யாங்ஷுவோவில் எத்தனை நாள்?

கேள்வி: நவம்பர் முதல் வாரத்தில் அம்மா, அப்பாவுடன் நான்கு நாள் சீனாவின் குய்லினுக்குப் போகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, மூவரும் சைவம். லி ஆற்றில் பெரிய படகில் போவதா, மூங்கில் தெப்பத்திலா? தங்குவது எங்கே?

பதில்: நல்ல மாதத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள். அங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை கொட்டும் மழை. இலையுதிர் காலத்தில் வானம் தெளிந்திருக்கும். அக்டோபர் முதல் வார தேசிய விடுமுறை நெரிசலும் ஓய்ந்திருக்கும்.

பலரும் செய்யும் தவறு, எல்லா இரவும் குய்லின் நகரிலேயே அறை எடுப்பது. யானைத் துதிக்கைக் குன்றும் நாணல்குழல் குகையும் நகருக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு நாள் போதும். நீங்கள் படங்களில் பார்த்து மயங்கிய மலைகள் ஆற்றோடு தெற்கே போகப் போகத்தான் நெருங்கி நிற்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு லேசான அமிலமாகி, கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தது. கரையாமல் எஞ்சியவைதான் அந்தச் செங்குத்துக் குன்றுகள். உள்ளே நீர் ஓடிய வழிகள் குகைகளாயின. 2014-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே குய்லினில் ஒரு இரவு, ஆற்றோடு தெற்கே உள்ள யாங்ஷுவோ ஊரில் இரண்டு. இடையிலுள்ள பயணத்துக்குப் பெரிய படகையே எடுங்கள். சுமார் 83 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே இருக்கை, கழிவறை உண்டு. அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வழியில் யாங்டி என்ற ஊரைத் தாண்டியதும் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ஷிங்பிங் ஊர் வரைதான் உயிரான பகுதி. 20 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது ஷிங்பிங் அருகிலுள்ள காட்சியே. ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்பாவுக்குப் பிடிக்கும்.

தெப்பம் என்றால், லி ஆற்றில் ஓடுபவை பிளாஸ்டிக் குழாய்களில் மோட்டார் பொருத்தியவை. கழி ஊன்றிச் செலுத்தும் அசல் மூங்கில் தெப்பம் யாங்ஷுவோவை ஒட்டிய யூலாங் ஆற்றில். தடுப்பணைகளில் சறுக்கி இறங்கும்போது தெப்பம் குலுங்கும், கால் நனையும். அம்மாவுக்கு அணை குறைவான சிறிய தடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

குய்லினுக்கு வடக்கே மலைச்சரிவிலுள்ள லோங்ஜி படிவயல்களை இம்முறை விட்டுவிடலாம். ஊர் முழுக்கப் படிகள்; நவம்பரில் அறுவடையும் முடிந்து வயல் வெறுமையாய்க் கிடக்கும்.

சாப்பாட்டில்தான் கவனம் தேவை. ஊர் பெயர் பெற்ற அரிசி நூடுல்ஸின் குழம்பு எலும்பில் காய்ச்சியது. கீரைப் பொரியலிலும் பன்றிக்கொழுப்பு சேரலாம். 'இறைச்சி, எலும்புச் சாறு, பன்றிக்கொழுப்பு, மீன் வேண்டாம்' என்று சீனத்தில் எழுதிய அட்டையைக் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள். பணத்துக்கு, அலிபே என்ற கைபேசிச் செயலியில் உங்கள் கார்டை ஊரிலிருந்தே இணைத்து விடுங்கள்.

திரும்பும்போது குய்லினுக்கு வர வேண்டாம். யாங்ஷுவோ ரயில் நிலையத்திலிருந்து குவாங்சோவுக்கு அதிவேக ரயில் உண்டு. நிலையம் ஊருக்குள் இல்லை, ஷிங்பிங் பக்கம் இருக்கிறது. காரில் போக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் ரயிலிலும் ஏற முடியாது, அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.