ஜெர்மனியில் முதல் பிரசவம்: கடைசி பத்து வாரங்கள்

ஷ்டுட்கார்ட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இப்போது முப்பதாவது வாரம், அம்மாவுக்கு விசா எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று அனுப்பிவிடுகிறார், பிரசவ வலிக்கு எப்படித் தயாராவது, என்ன சாப்பிடுவது என்று கேட்கிறீர்கள். இத்தனையும் எழுதியவர் ஹேபாமே பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஹேபாமே என்றால் மருத்துவச்சி. நம் ஊரில் அந்தத் தொழில் ஆஸ்பத்திரிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இங்கே அவர்தான் பிரசவத்தின் நடுநாயகம். சிக்கலில்லாத பிரசவத்தை அவர் மருத்துவர் இல்லாமலே பார்க்கலாம். மருத்துவர் பார்க்கும் பிரசவத்துக்கோ ஹேபாமேயைக் கட்டாயம் அழைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே உங்கள் மருத்துவர் அதிகம் பேசாததை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஹேபாமே பதில் சொல்வார் என்றே அவர் நினைத்திருப்பார்.

பிரசவ அறையில் அன்றைய பணிநேரத்தில் இருக்கும் ஹேபாமே வேறு, வீட்டுக்கு வருபவர் வேறு. நீங்கள் இப்போது தேட வேண்டியது இரண்டாமவரை. குழந்தை பிறந்த முதல் பத்து நாட்கள் தேவைப்பட்டால் தினமும் வருவார். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வாரம்வரை வருவார். தையல் ஆறுகிறதா, பால் சுரக்கிறதா, குழந்தையின் எடை ஏறுகிறதா என்று பார்ப்பார். பொதுக் காப்பீட்டில் இருந்தால் உங்களுக்குச் செலவு இல்லை. ஆள் பற்றாக்குறை கடுமையாக இருப்பதால் இந்த ஊர்ப் பெண்கள் கர்ப்பம் உறுதியானதுமே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். முப்பதாவது வாரத்தில் கிடைப்பது கடினம்தான், ஆனாலும் விடாதீர்கள். உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கும். பிரசவத் தேதி, அஞ்சல் குறியீடு, முதல் குழந்தை, இங்கு உறவினர் யாரும் இல்லை என்று நான்கு வரியில் எழுதி, பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்புங்கள். தயங்கித் தயங்கி ஒருவருக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது நம் பழக்கம். இங்கே அது உதவாது.

அடுத்தது பிரசவத் தயாரிப்பு வகுப்பு. பதினான்கு மணி நேரம்வரை காப்பீடு தரும். உங்கள் வீட்டுக்காரருக்கான கட்டணத்தை நீங்களே கட்ட வேண்டியிருக்கலாம். கட்டிவிடுங்கள். அவர் வராந்தாவில் உலாவப் போவதில்லை, உள்ளே உங்கள் பக்கத்தில் இருக்கப் போகிறார். இடுப்பில் எங்கே அழுத்தினால் வலி குறையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விடுவது, மண்டியிடுவது, பக்கவாட்டில் படுப்பது, பந்தின்மேல் அமர்ந்து இடுப்பைச் சுழற்றுவது எல்லாம் அங்கே பழகலாம். மல்லாந்து படுத்தே பெற வேண்டும் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதுகில் ஊசி போட்டு வலி மரக்கச் செய்வதை இங்கே பேடேஆ என்பார்கள். ஆஸ்பத்திரியில் பெயர் பதியப் போகும்போதே அதைப் பற்றிக் கேட்டு, விளக்கப் படிவத்தைப் படித்துக் கையெழுத்து போட்டு வைத்துவிடுங்கள். கையெழுத்து போட்டதாலேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வலி பொறுக்க முடியாத நேரத்தில் ஜெர்மன் படிவம் படிக்கும் கொடுமை இருக்காது, அவ்வளவுதான்.

இனி சாப்பாடு. இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று அம்மா தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசி மாதங்களில் உடலுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறத்தாழ பத்து சதவீத ஆற்றல்தான். சாம்பாரோடு இரண்டு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவேண்டியது அளவைவிடச் சத்து. வயிறு நெருக்கப்பட்டு நெஞ்செரிச்சல் வரும் காலம் இது, ஆகவே ஐந்தாறு வேளையாகப் பிரித்து, இரவு உணவைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்திருப்பார்கள். முடிவை முட்டர்பாஸில், அதாவது உங்கள் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில் பாருங்கள். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். பரிசோதனை விட்டுப்போயிருந்தால் நாளைக்கே கேளுங்கள்.

நம் பொருள் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். இங்கே ஹிர்ஸே என்று விற்பது பெரும்பாலும் நம் பனிவரகுதான். பொங்கலுக்கும் உப்புமாவுக்கும் நன்றாக வரும். பச்சைப் பயறும் முருங்கைக்கீரையும் ஈழத் தமிழர் கடைகளில் கிடைக்கும். இரும்புச்சத்துக்காகப் பருப்பும் கீரையும் சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். காப்பியையும் டீயையும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். குளிர்கால வெயில் இந்த ஊரில் வைட்டமின் டி தராது, மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பச்சைப் பாலில் செய்த சீஸ், மெட் என்ற பச்சைப் பன்றி இறைச்சி, சலாமி, புகையூட்டிய சால்மன் எதுவும் இப்போது வேண்டாம். மீன் கடையில் ஷில்லர்லோக்கன் என்று சுருள் சுருளாக இருப்பது சுறா. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்று வளர்ந்த நமக்கு ஆசை வரும். கர்ப்ப காலத்தில் பாதரசம் காரணமாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள், பாலூட்டும்போதும் அப்படியே.

பேரீச்சம்பழத்தைப் பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். கடைசி நான்கு வாரம் தினமும் ஆறு பழம் சாப்பிட்டவர்களுக்கு வலி தானாகத் தொடங்குவது அதிகம் என்று ஜோர்டானில் ஒரு சிறிய ஆய்வு 2011-இல் வந்தது. சர்க்கரை இல்லையென்றால் சாப்பிடுங்கள், மலச்சிக்கலுக்காவது உதவும். இங்குள்ள ஹேபாமேக்கள் கடைசி ஆறு வாரம் சர்க்கரை, வெள்ளை மாவு, வெள்ளை அரிசி எல்லாம் விடச் சொல்லும் லூவன் உணவுமுறையையும் சொல்லக்கூடும். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இனிப்பைக் குறைப்பது நல்லது. இட்லியை விட்டு வாடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இரவுச் சாப்பாடு குளிர்ந்த ரொட்டியும் சீஸும்தான். பிள்ளை பெற்ற அன்று அதைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். பூண்டு ரசப்பொடி, பருப்புப் பொடி இப்போதே அரைத்து வையுங்கள். முப்பத்தாறாவது வாரத்துக்குள் சாம்பார், பூண்டுக் குழம்பு, வேகவைத்த பயறு என்று சிறு டப்பாக்களில் ஃபிரீசரை நிரப்புங்கள். ஞாயிறும் விடுமுறை நாட்களும் கடை மூடியிருக்கும் ஊர் இது. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பாலூட்டுபவள் தாகம் தீரக் குடிக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் லேகியத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் தொடவேண்டாம்.

அம்மாவின் விசா 180 நாட்களில் 90 நாட்கள்தான். தேதிக்கு ஒரு மாதம் முன்பே வரவழைத்தால், நீங்கள் எழுந்து நடமாடத் தொடங்கும் முன்பே அவர் கிளம்ப வேண்டிவரும். பிரசவத் தேதியை ஒட்டியே டிக்கெட் எடுங்கள்.

சூட்டு வலி வந்து வந்து போகும். வெந்நீரில் குளித்தால் அடங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் பிரசவ அறைக்கு அழையுங்கள். இரத்தம் போனாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போங்கள். பனிக்குடம் உடைந்தால் படுத்துக்கொண்டே அழையுங்கள். குழந்தையின் தலை இறங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்து ஆம்புலன்ஸில் வரச் சொல்லக்கூடும், அதற்கு எண் 112. எத்தனையாவது வாரம், முதல் பிரசவம், வலியின் இடைவெளி, பனிக்குட நீர் தெளிவாக இருக்கிறதா பச்சையாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டிய வரிகளை ஜெர்மனில் எழுதி உங்கள் வீட்டுக்காரரின் கைப்பேசியில் வையுங்கள். முட்டர்பாஸ் எப்போதும் கைப்பையிலேயே இருக்கட்டும்.