கட்டுத்தரையோரம் நிற்கும் பொடுசுகள்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 74. ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன் நோய். இரண்டு மாதமாகப் பொழுது சாய்ந்தால், "கட்டுத்தரையோரம் ரெண்டு பொடுசுக நிக்குதுக, சோறு போடு அம்மிணி" என்கிறார். காத்துக்கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம், நிற்கவில்லை. அவர் மாத்திரைகளை நிறுத்திப் பார்க்கலாமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நிறுத்தாதீர்கள். பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரையான லெவோடோபா திடீரென்று நின்றால் உடம்பு இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இது காத்துக்கருப்பும் இல்லை, அவருக்குப் புத்தி பேதலிக்கவும் இல்லை. பார்க்கின்சன் வந்து பல வருடம் ஆனவர்களுக்கு இல்லாத ஆளும் குழந்தையும் நாயும் பூனையும் தெரிவது சகஜம். நோயும் காரணம், மாத்திரைகளும் காரணம். ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் மட்டும் சிறுநீர்த் தொற்று, உடம்பில் தண்ணீர் வற்றுவது, சோடியம் குறைவது இருக்கிறதா என்று அன்றே சோதிக்க வேண்டும்.

சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கியது உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு நரம்பு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வயதில் முதல் சந்தேகம் அதன் மேல்தான். வழக்கமாக அதைத்தான் முதலில் மெல்லக் குறைப்பார்கள். பிறகு அமண்டடின், பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மற்ற பார்க்கின்சன் மாத்திரைகள். லெவோடோபாவில் கடைசியாகத்தான் கை வைப்பார்கள்.

ராத்திரி தூங்கவில்லை என்று எங்காவது காட்டினால் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற மனநல மருந்துகளை எழுதிவிடக்கூடும். பார்க்கின்சன்காரர்களுக்கு அவை ஆகாது, நடையே முடங்கிப்போகும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான். இந்த நான்கு பெயரையும் சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். இந்தத் தோற்றங்களுக்கு மருந்து தேவைப்பட்டால் மருத்துவர் க்வெட்டியாபினை 12.5 மில்லிகிராம் போலச் சின்ன அளவில் ராத்திரிக்குத் தொடங்குவது வழக்கம்.

மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாததை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. பொழுது சாயும் முன்பே வீட்டு ஆசாரத்திலும் கட்டுத்தரையிலும் விளக்கைப் போட்டுவிடுங்கள். கொடியில் தொங்கும் சட்டை, துண்டை எடுத்துவிடுங்கள். கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"அங்க ஒண்ணுமில்லை" என்று வாதாட வேண்டாம், சோறு கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். "எனக்குத் தெரியலீங்க மாமா, பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கறன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடம்வரை நடந்து போங்கள். பெரும்பாலும் மறைந்துவிடும். கயிறு கையில் இருக்கட்டும், விரதம் மட்டும் இருக்க வைக்காதீர்கள்.

வந்திருப்பவர்கள் திருடர்கள் என்று அவர் பயந்தாலோ உங்கள் மேலேயே சந்தேகப்பட்டாலோ, அருவாளையும் கடப்பாரையையும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.