காய்ச்சாத பாலுக்குத் தடை வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே பச்சைப் பாலை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பது சட்டப்படி குற்றம் என்கிறான். நாங்களோ முப்பது வருடமாக, பக்கத்துத் தெருத் தொழுவத்திலிருந்து வரும் பாலைத்தான் வாங்குகிறோம். அப்படியொரு தடை இங்கும் வர வேண்டும் என்று நினைக்கிறீர்களா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான். அமெரிக்க மத்திய அரசின் அந்தத் தடை 1987 முதல் நடப்பில் இருக்கிறது. மாநிலத்துக்குள் விற்கலாமா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்வதால், கலிஃபோர்னியாவில் கடையிலேயே வாங்கலாம். வேறு சில மாநிலங்களில் அறவே கூடாது. கனடா 1991-இல் நாடு முழுவதும் தடுத்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 1983 முதல் தடை உண்டு. ஆனால் எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் வந்தால், பண்ணைக்காரர் எச்சரிக்கை வாசகம் ஒட்டித் தம் பாலை நேரடியாக விற்றுக்கொள்ளலாம்.

இந்தச் சட்டங்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாடுகளில் பச்சைப் பாலைத் தேடி வாங்குபவர் பெரும்பாலும் அதைப் பச்சையாகவே குடிப்பதற்காக வாங்குகிறார். நீங்கள் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தூக்குவாளியில் வாங்கும் பாலோ, வாசலில் போட்ட கோலம் காய்வதற்குள் அடுப்பில் ஏறிவிடுகிறது. பால் பண்ணைகளில் செய்யும் பாஸ்டர் முறை என்பது பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடியோ, 63 டிகிரியில் 30 நிமிடமோ வைத்திருந்து உடனே குளிர்விப்பதுதான். அடுப்பில் பொங்கி எழும் பால் அந்தச் சூட்டை எப்போதோ கடந்திருக்கும். ஆகவே, நம் பால்காரர் விற்பது பச்சைப் பாலே என்றாலும், நாம் குடிப்பது பச்சைப் பால் அன்று. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் தடை கேட்பவர்கள், இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்ணின் பிழைப்பில்தான் கை வைப்பார்கள்.

ஆனால், காய்ச்சாமல் குடிப்பது வேறு கதை. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மாடு கன்று வீசக் காரணமாகும் புருசெல்லா கிருமி பால் வழியாக மனிதருக்கு வந்தால், விட்டு விட்டுக் காய்ச்சலும், இரவில் உடல் நனைக்கும் வியர்வையும், மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் ஆளை உருக்கிவிடும். மாட்டுக் காசநோயும் பாலில் இறங்கும். குழந்தைகளின் கழுத்தில் நெறி கட்டிப் புண்ணாகும் கண்டமாலைக்கு ஒரு காலத்தில் அதுவே பெரிய காரணமாக இருந்தது. இவை போதாதென்று, மடியிலும் வாலிலும் ஒட்டியிருக்கும் சாணத்திலிருந்து வயிற்றுப்போக்குக் கிருமிகள் வேறு வந்து சேரும். இதில் கொடுமை என்னவென்றால், தொழுவத்தில் லட்சணமாக நின்று அசைபோடும் மாட்டிடமும் இவை இருக்கலாம். கறப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

என் கவலையெல்லாம் சைக்கிளில் வரும் பால்காரரைப் பற்றியது அன்று. கண்ணாடிப் புட்டியில் பாலை அடைத்து, "இயற்கையானது, காய்ச்சினால் சத்துப் போய்விடும்" என்று சொல்லி இரட்டை விலைக்கு விற்கும் புதிய வியாபாரத்தைப் பற்றியது. சென்ற ஆண்டு பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலுக்கே அப்படியொருவர் வந்தார். காய்ச்சித்தான் குடிப்பேன் என்றதும், அருமையான பொருளைப் பாழாக்கும் ஆளைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். காய்ச்சுவதால் பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் போய்விடுவதில்லை. சில பி வைட்டமின்களும், பாலில் முன்பே சொற்பமாக இருக்கும் சி வைட்டமினும் கொஞ்சம் குறையும், அவ்வளவே. பால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பச்சைப் பால் ஒத்துக்கொள்ளும் என்பதும் சரியன்று. தொல்லை தருகிற பால் சர்க்கரை இரண்டிலும் ஒரே அளவில்தான் இருக்கிறது.

எனவே, விற்பனையைத் தடுக்க வேண்டாம். "பச்சையாகக் குடியுங்கள்" என்று சொல்லி விற்பதைத் தடுக்கலாம் என்பதே என் முடிவு. ஜெர்மனியில் பண்ணை வாசலில் பச்சைப் பால் விற்பவர், "அருந்துமுன் காய்ச்சவும்" என்று பலகை வைத்தே ஆக வேண்டும். நம் ஊர்ப் புட்டிகளிலும் அந்த வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை.

கேள்வி: நான்கு கறவை வைத்திருக்கிறேன். காலைப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, மாலைப் பாலை வீடுகளுக்குக் கொடுக்கிறேன். எனக்கும் பதிவு வேண்டுமா? காய்ச்சிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றால், எங்களை ஏன் சோதனை போட வேண்டும்?
– ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: கறக்கும் பால் முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்குத்தான் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிகள் விலக்கு அளித்தன. தாங்கள் வீடுகளுக்கும் விற்பதால் பதிவு செய்துகொள்வதே முறை. சிறு வியாபாரிக்கு அந்த விதிகள் வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்.

தங்களது இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அடுப்பு கிருமியைக் கொல்லும். மருந்தையும் பூஞ்சை நஞ்சையும் கொல்லாது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொன்ன நாள் கழியும் வரை வீட்டுக்கும் கொடுக்கக்கூடாது, சொசைட்டிக்கும் ஊற்றக்கூடாது. அதேபோல், மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் பூசணம் பூத்த கடலைப் பிண்ணாக்கை வைத்தால், அதிலுள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு பாலில் இறங்கும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 மாதிரிகளைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 5.7 சதவீத மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அதில் முன்னால் நின்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அது மிகுதி என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. ஆகவே சோதனை தங்களுக்கு மட்டும் உரியதன்று, பாக்கெட் போடுபவருக்கும் வேண்டும்.

தண்ணீர் கலப்பதைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: எங்கள் தெருவுக்குக் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, கண் முன்னே கறந்து ஒரு சங்கு பால் கொடுக்கிறார்கள். பேரனுக்கு ஐந்து மாதம். சளிக்கு நல்லது என்று மாமியார் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. மேலே சொன்ன விவாதம் முழுவதும் உண்மையில் பொருந்துவது இந்தச் சங்குப் பாலுக்குத்தான். நம் ஊரில் காய்ச்சாமலே குடிப்பதற்கென்று விற்கப்படும் பால் இது. குடிப்பதோ, நோயைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்த கைக்குழந்தை. கண் முன்னே கறந்தார்கள் என்பதால் தண்ணீர் கலக்கவில்லை என்று வேண்டுமானால் நம்பலாம். கறந்த கையும், வீடு வீடாகப் பல வாயில் பட்டு வந்த சங்கும் சுத்தமானவை என்று நம்ப முடியாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். மாமியாரின் மனம் நோகாமல் இதைச் சொல்வது கடினம் என்று தெரியும். குழந்தைக்குச் சளி இருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். அவர் வாயால் கேட்டால் வீட்டில் பேச்சு வளராது.