10 அங்குல டேப்லெட்டுக்கு வயர்லெஸ் கேம் கன்ட்ரோலர் வாங்கலாமா? குன்னூரில் இருக்கிறேன். நிறை குறை சொல்லுங்கள்

வாங்கலாம். ஆனால் எந்த கேமுக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. பிஜிஎம்ஐ-க்காக (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) என்றால் இத்தோடு விட்டுவிடுங்கள், அது கன்ட்ரோலரை ஏற்காது. பட்டனைத் திரைத் தொடுதலாக மாற்றும் மேப்பிங் ஆப் போட்டால் கணக்கு முடங்கலாம். "நான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று கமென்டில் வருபவர்களுக்கு: நல்லது, ஆடுங்கள். கால் ஆஃப் டியூட்டி மொபைல், மைன்கிராஃப்ட் போன்றவை நேரடியாக ஏற்கும். அவற்றில் திரையை விரல் மறைக்காது, கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் குச்சியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம். இதுதான் பெரிய லாபம்.

டேப்லெட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வகை போட்டோவில் அழகாக இருக்கும். 10 அங்குல டேப்லெட்டே அரைக் கிலோவை ஒட்டி வரும். கன்ட்ரோலரும் சேர்ந்தால் மணிக்கட்டு தாங்காது. இந்த வகை மாடல்களில் பாதிக்கு மேல் போன் அகலத்துக்குத்தான் விரியும், கேஸையும் கழற்ற வேண்டும். தனிக் கன்ட்ரோலரும் ஒரு ஸ்டாண்டும் போதும்.

பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் கிடைத்தால் நடுவில் உள்ள லோகோ பட்டனைச் சுற்றிப் பாருங்கள். அந்த பிளாஸ்டிக் மேல் பம்பரோடு (மேல் விளிம்பில் ஆள்காட்டி விரல் படும் பட்டன்கள்) சேர்ந்த துண்டாக இருந்தால் ப்ளூடூத் கிடையாது, வயர் இல்லாமல் டேப்லெட்டோடு சேராது. முன்முகத்தோடு சேர்ந்திருந்தால் உண்டு. பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4-ல் ஷேர், பிஎஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தி, விளக்கு வேகமாகச் சிமிட்டியதும் டேப்லெட்டின் ப்ளூடூத் பட்டியலில் தேடுங்கள். ஐபேட் என்றால் ஐபேட்ஓஎஸ் 13 முதல் இரண்டும் வேலை செய்யும்.

பட்டன் அழுத்தி அரை நொடி கழித்துத்தான் ஆள் குதிக்கிறானா? கன்ட்ரோலரைத் திட்டாதீர்கள். ப்ளூடூத்தும் சாதாரண வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்கியடிக்கின்றன. டேப்லெட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். ப்ளூடூத் இயர்போனையும் கழற்றிவிட்டு வயர் போடுங்கள்.

இனி நம் ஊர் விஷயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அறை சூடானால் மீளும். ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் போட்டால் நிரந்தரச் சேதம். குன்னூரில் இது அரிது. ஊட்டியில் ஜனவரி விடியலில் கார் ஷெட்டில் சார்ஜ் போடுபவர்கள் கவனிக்கவும். பென்சில் செல் போடும் மாடல் என்றால் சாதா அல்கலைனைவிட ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் குளிரைத் தாங்கும்.

அதைவிட ஈரம்தான் எமன். வழுவழு ரப்பர் பூச்சுள்ள கைப்பிடி நாளடைவில் பிசுபிசுக்கும், துடைத்தாலும் போகாது. சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் வாங்குங்கள். சாதாரணக் குச்சிக்குள் கார்பன் தடத்தில் உரசும் பாகம் தேய்ந்து, கை வைக்காமலே ஆள் ஒரு பக்கம் நடக்க ஆரம்பிப்பான். காந்தத்தால் அளக்கும் ஹால் எஃபெக்ட் குச்சியில் அந்த உரசல் இல்லை. சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

வந்த அன்றே எல்லா பட்டனையும் சோதியுங்கள். ரிட்டர்ன் எடுக்க மலைக்கு ஆள் வருவது நிச்சயமில்லை, சர்வீஸுக்குக் கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கும். டெலிவரிக்காரர்களோ போன்கூடப் போடாமல் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டு மேட்டுப்பாளையத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். கேட்டால் கொண்டை ஊசி வளைவாம், மழையாம். எங்களுக்கு மட்டும் என்ன ரோப் காரா விட்டிருக்கிறார்கள்?