கால்வாய்க் கணக்குக்கும் நிஜத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்து கிளைக் கால்வாய்க்கு மேனிங் எண் (வாய்க்காலின் உராய்வைக் குறிக்கும் எண்) 0.013 போட்டால் கணக்கில் நொடிக்கு 480 லிட்டர் வருகிறது, மிதவை விட்டுப் பார்த்தால் பாதிகூட இல்லை என்கிறீர்கள். நீரின் வேகத்தைத் தரும் மேனிங் சமன்பாட்டில் தப்பில்லை, அந்த 0.013தான் சிக்கல். அது வழவழப்பாகப் பூசிய புது கான்கிரீட்டுக்கான எண். உங்கள் படத்தில் பூச்சு பெயர்ந்திருக்கிறது, அடியில் வண்டல், ஓரமெல்லாம் கோரை.

அட்டவணையைப் பார்த்து எண்ணை ஊகிப்பதைவிட, அளந்த வேகத்திலிருந்தே பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் பரப்பு 0.5 சதுர மீட்டர், நனையும் சுற்றளவு (அடியும் இரு பக்கமும்) 2 மீட்டர், ஆக நீரியல் ஆரம் (பரப்பைச் சுற்றளவால் வகுத்தது) 0.25 மீட்டர். மிதவை 20 மீட்டரை 40 நொடியில் கடந்தது என்றீர்கள், அது மேற்பரப்பு வேகம்தான், 0.85 ஆல் பெருக்கினால் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 0.425 மீட்டர். நீங்கள் சொன்ன ஆயிரத்துக்கு ஒன்று சரிவையும் சேர்த்துப் போட்டால் மேனிங் எண் கிட்டத்தட்ட 0.030 வருகிறது, புல் மண்டிய மண் வாய்க்காலுக்கு எதிர்பார்க்கிற அளவு அது! நீர் நொடிக்கு 210 லிட்டர் சொச்சம்.

இந்த எண்ணை நம்புவதற்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கீழே மதகை இறக்கி வைத்து தண்ணீர் எதிர்த்துத் தேங்கினால் நீர்மட்டச் சரிவு தரைச் சரிவைவிடக் குறைந்துவிடும், அப்போது இந்த 0.030-ம் பொய்தான், பழியெல்லாம் உராய்வின் மேல் விழும். அதனால் இரண்டு இடத்தில் நீர்மட்டத்தையே லெவல் கருவி வைத்து எடுங்கள். அப்புறம் கோரையை வெட்டியதும் மறுபடி அளந்து, இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.